காகம் தின்னாத புழுக்கள்

கோவில்பதாகை ஊரில் உச்சிவெயில் கொளுத்துகிறது. இலைகளை மக்கவைக்கும் உரக்குழியைக் கிளற வந்த ஷாகிதா மண்வெட்டியை ஊன்றியபடி நிற்கிறாள். ஈரத்தை விட்டு நகராத மண்புழுக்கள் குழியிலிருந்து கூட்டங்கூட்டமாக வெளியேறி, சுடுகிற சுவரில் ஏறுகின்றன. ஒரு காகம் ஒரு புழுவைக் கொத்திப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுப் பறக்கிறது. அவள் ஒரு கை இலையை அள்ளி முகர்கிறாள். மண்வாசம் வரவேண்டிய இடத்தில் மருந்து நாற்றம் குப்பென்று ஏறுகிறது. “நாம இலை வார்ற அந்த ஃப்ளாட்டு மரத்துக்கெல்லாம் பூச்சிமருந்து அடிக்கிறாங்களாம். வாட்ச்மேன் இப்பத்தான் சொல்றான்,” என்று கணவர் ஜப்பார் வேலியோரம் முணுமுணுக்கிறார். “போன தபா இலையும் அங்கேர்ந்துதானே கொண்டாந்தீங்க?” ஷாகிதா கேட்டதும் அவர் பார்வை பாத்திப் பக்கம் திரும்புகிறது. போன தடவை உரத்தில் தழைத்த அரைக்கீரைப் பாத்தி பச்சைப்பசேலென்று ஆடுகிறது. ஓர் இலையில்கூடப் பூச்சி கடித்த ஓட்டை இல்லை. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைத்தாச்சி மகள் ஷிபா குரல் கொடுக்கிறாள்: “அம்மா, கீரை இன்னும் கொஞ்சம் இருக்கா?”