வாயை வைக்காதீக!

"ஒரு டிரம்முல இருந்து இன்னொரு டிரம்முக்கு ஊத்துறதுக்கு மோட்டாரா? பரளச்சியில இந்தக் கூத்தும் நடக்குதா!"

ஆண்டிச்சாமிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பக்கத்தில் நிற்கிற நமக்கே எரிச்சல் வரும், அப்படி ஒரு சிரிப்பு. மல்லாங்கிணற்றிலிருந்து லோடு ஆட்டோவோடு வந்திருந்தார். அவர் தோட்டத்து மிளகாய்ச் செடியில் பூவெல்லாம் கொட்டுகிறது. சுந்தரபாண்டி வீட்டில் போடுகிற பழக்கரைசலை வாங்கிப்போய் அன்றைக்கே தெளித்தாக வேண்டும்.

வாழைப்பழமும் பப்பாளியும் வெல்லமும் ஊறிப் புளித்த கரைசல். கொட்டகைப் பக்கம் போனாலே கள்ளு வாடை தூக்கும்.

"சாய்ச்சு ஊத்துனா அடிமண்டி கலங்கிரும்ணே. அப்புறம் ஸ்பிரேயரு அடைச்சுக்கிரும்" என்றான் சுந்தரபாண்டி.

"அதுக்கு? டியூப்புல வாயை வச்சு ஒரு இழுப்பு இழுத்தா தானா ஓடிட்டுப் போகுது. டீசலே அப்படித்தானய்யா எடுக்கோம்!"

"இவதான்ணே, மோட்டாரு வாங்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா."

அவன் மனைவி முருகேஸ்வரி டிரம்முக்குள் டியூப்பை இறக்கி, சுவிட்சைப் போட்டாள்.

கரண்டு இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டால், சாயங்காலந்தான் வருமாம்.

"நல்லாக் கெட்டுச்சு போ! வெயில் தாழ மருந்தடிக்க ஆளுக்குச் சொல்லிட்டு வந்திருக்கேன். ஏலே, மோட்டாரைக் கழட்டிட்டு டியூப்பை எடு!"

சுந்தரபாண்டி கழற்றினான். டியூப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாய்ப் பக்கம் கொண்டுபோனான்.

"வாயை வைக்காதீக!"

முருகேஸ்வரி வெடுக்கென்று பிடுங்கினாள்.

ஆண்டிச்சாமிக்குச் சுருக்கென்றது.

"ஏத்தா, அசலாளு முன்னாடி புருசன் கையில இருந்து இப்படியா பிடுங்குறது? கொஞ்சம் வாயில பட்டா செத்தா போவான்?"

"அவுகளுக்குப் பல்லு வலி மாமா" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவளே டியூப்பில் வாயை வைத்தாள். முதல் இழுப்புக்கு வரவில்லை. அடுத்த இழுப்புக்கு வாய் நிறைய வந்துவிட்டது. புரையேறிக் கண்ணில் தண்ணீர் கொட்ட, காறித் துப்பினாள். கரைசல் மளமளவென்று மறு டிரம்மில் விழுந்தது.

"நல்லா இருக்குய்யா உன் குடித்தனம்! பொண்டாட்டிக்கு இம்புட்டு இடங்குடுத்தா, நாளைக்கு உன்னை யாரு மதிப்பா?"

சுந்தரபாண்டி செம்பில் தண்ணீர் மொண்டு மனைவியிடம் நீட்டினான்.

"நல்லாக் கொப்பளி."

"நீங்க சும்மா இருங்க" என்று அவள் கண்ணைக் காட்டினாள். அவன் கேட்கவில்லை.

"எனக்குப் பல்லு வலியெல்லாம் இல்லண்ணே. நான் குடியை விட்டு இன்னும் வருசம் திரும்பலை. பொழப்போ இந்தப் புளிச்ச கரைசல்தான்னு ஆயிப்போச்சு. இதுல ஒரு மடக்கு உள்ள போச்சுன்னா நான் எங்க போயி விழுவேன்னு எனக்கே தெரியாது. அதுக்குத்தான் இந்த மோட்டாரு. மோட்டாரு ஓடாத அன்னைக்கு, இவ வாயி."