கெடு முடிந்து இரண்டாம் நாள்

ஆரோக்கியம் பித்தளைக் கைப்பிடியைக் கடை மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் கேரண்டிச் சீட்டை விரித்தாள்.

"தொட்டதும் கையோட வந்திருச்சுங்க. கதவு தொறக்கல. ஊட்டுக்காரரு உள்ள மாட்டிக்கிட்டாரு. ஒடனே ஆளை அனுப்புங்க."

பூட்டுக்கடை சென்னியப்பன் கைப்பிடியைப் பார்க்கவில்லை. சீட்டில் இருந்த தேதியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

12 மே 1961. ஒரு வருஷக் கேரண்டி. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் 14 மே 1962.

"ரெண்டு நாளு முந்தி வந்திருந்தா நானே ஓடியாந்திருப்பேனுங்க."

ரெண்டு நாளைக்கு முன்னால் பூட்டு நன்றாக இருந்தது என்றாள் ஆரோக்கியம்.

அதுதான் தன் சரக்கின் நேர்மை என்றார் சென்னியப்பன். சொன்ன தேதிவரை உழைத்துவிட்டுத்தானே உயிரை விட்டிருக்கிறது?

ஒரே வருஷத்துக்கென்று யாராவது கதவுக்குப் பூட்டுப் போடுவார்களா என்று கேட்டாள். கட்டிய புருஷனுக்கே யாரும் கேரண்டி தருவதில்லை, பூட்டுக்கு ஒரு வருஷம் தந்ததே பெரிசு என்றார். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதில் அவருக்கு உற்சாகம் கூடிவிட்டது. ரிப்பேர் ஆள் நாளைக்குத்தான் வருவான் என்றார்.

"ஒரு நாளு உள்ளயே கெடக்கட்டுமுங்க. உங்களுக்கும் நிம்மதி."

ஆரோக்கியம் சிரிக்கவில்லை. சண்டையும் போடவில்லை. சொன்னதை அப்படியே எழுதித் தரச் சொன்னாள்.

கெடு முடிந்தது, கடைக்குப் பொறுப்பில்லை, உள்ளே இருப்பவர் நாளைவரை பொறுத்துக்கொள்ளவும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கேட்காமலே கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

அப்போது ஒருவர் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"எம் புருசனுங்க" என்று அறிமுகப்படுத்தினாள் ஆரோக்கியம்.

சென்னியப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்படியானால் உள்ளே மாட்டியிருப்பது யார்?

"சொன்னேனே, ஊட்டுக்காரரு. நாங்க வாடகைக்குத்தானே இருக்கறோம். செவுரு ஓதம் அடிக்குதுன்னு பாக்க வந்தாரு. நம்ம குமாரசாமி ஐயாங்க."

குமாரசாமி, சென்னியப்பனின் மாமனார். கடை அவர் வைத்துக் கொடுத்தது. பூட்டு வாங்குவதானால் இங்கேதான் வாங்க வேண்டும் என்று ஆரோக்கியத்துக்குக் கட்டளை போட்டவரும் அவரே.

சென்னியப்பன் திருப்புளியோடு ஒரு புதுப் பூட்டையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். குதிரைவண்டியைக் கைதட்டி நிறுத்தி, ஆரோக்கியத்தை முதலில் ஏற்றினார்.

அம்மாபேட்டை வீட்டில், மூடிய கதவுக்குப் பின்னால் குமாரசாமி பூட்டு விற்றவனின் பாட்டன்வரை திட்டி முடித்து, மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்திருந்தார்.

சென்னியப்பன் சத்தமில்லாமல் மண்டியிட்டார். ஆரோக்கியமும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முத்திரை குத்திய காகிதத்தின் நுனியைக் கதவுக்கு அடியில் செருகினாள்.

"புதுப் பூட்டுக்கு எத்தனை வருசமுங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

சென்னியப்பன் ஒரு விரலைக் காட்டினார்.

காகிதம் ஓர் அங்குலம் உள்ளே போனது.

இரண்டு விரல்.

இன்னோர் அங்குலம்.

"எவன்டா அது வெளிய?" குமாரசாமி கதவை உதைத்தார்.

ஐந்து விரல்களும் விரிந்தன.

ஆரோக்கியம் காகிதத்தை வெளியே இழுத்துக்கொண்டாள்.