மாமனார் போட்ட வாட்ச்

"மாமா, நீங்க போட்ட சுவிஸ் வாட்ச் மறுபடியும் நின்னுபோச்சு" என்றார் மாப்பிள்ளை, சோபாவில் சாய்ந்தபடி.

"சஃபையர் கண்ணாடி, மாணிக்கக் கல்லு, முடியைவிட மெல்லிசா ஸ்பிரிங். அது எப்படி நிக்கும்?"

"கடைக்காரர் கையில ஓடுது. உங்க பொண்ணு கையிலயும் ஓடுது. என் கையில மட்டும்தான் நிக்குது."

மாமனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதுல பேட்டரி கிடையாது மாப்பிள்ளை. கை அசைஞ்சா உள்ள ஒரு தகடு சுத்தி, அதுவே சாவி கொடுத்துக்கும். வீட்டுல நாலு வேலை பாருங்க, ஓடும்."

மாப்பிள்ளையின் முகம் தொங்கிவிட்டது. அந்தத் திருப்தியில் மாமனார், நாற்காலியைவிட்டு அசையாமலே சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "மணி என்ன?"

மாமியார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, மணிக்கட்டில் தொளதொளத்த ஆண்கள் வாட்சைப் பார்த்தார்.

"பதினொண்ணு. எங்கப்பா உங்களுக்குப் போட்டதும் இதே சுவிஸ் வாட்ச்தான். கல்யாணமான மறுவாரமே நின்னுபோச்சுன்னு கழட்டிக் கொடுத்தீங்க. என் கையில இன்னைக்கு வரைக்கும் நிக்கலை."