லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு முந்தின நாள்

"ஏம்மா, கிளட்ச்சை மெதுவா விடும்மா! வண்டி ஏன் இப்படித் தத்துது?"

டிரைவிங் மாஸ்டர் கத்தினார். வண்டியைச் சுவரில் ஏற்றியவர்களைக்கூடச் சிரித்துக்கொண்டே சமாளித்தவர் அவர். கற்றுத்தரும் வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், அந்தத் தைரியம். இன்று அந்தத் தைரியம் போன இடம் தெரியவில்லை.

ஸ்டீயரிங் பிடித்திருந்தவள் தையல்காரி. மெஷின் மிதித்துப் பழகிய கால் என்பதால் பெடல் சூட்சுமம் சீக்கிரமே பிடிபட்டிருந்தது. நேற்று வரை அருமையாக ஓட்டினாள். இன்றைக்கென்று என்ன வந்தது இவளுக்கு?

"நான் ஒண்ணும் பண்ணலையே மாஸ்டர்!"

"பண்ணாமலா பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது?"

"நேராத்தான் போறேன். உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"நீ ஓட்டுற லட்சணத்துக்கு வேர்க்காம, குளிரவா செய்யும்?"

எதிரே ஒரு லாரி வந்தது. இல்லை, இரண்டு லாரிகள், ஒட்டிக்கொண்டு. இவளோ இரண்டுக்கும் நடுவே புகுந்துவிடுவாள் போலிருந்தது. மாஸ்டர் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பேத்தியை இன்னும் கையில் வாங்கக்கூட இல்லை. அதற்குள் இந்தப் பாவி கொன்றுவிடுவாளோ?

"ஓரங்கட்டு! இந்த ஜென்மத்துல உனக்கு லைசென்ஸ் கிடையாது! நாளைக்கு டெஸ்ட் பக்கமே வந்துடாதே!"

எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அவள் அலறினாள். வண்டி தூக்கிப் போட்டது. அப்புறம் எல்லாமே இருட்டு.

கண் விழித்தபோது கையில் ஊசி, தலைக்கு மேல் குளுக்கோஸ் பாட்டில்.

"எத்தனை எலும்பு போச்சு டாக்டர்?"

"எலும்பெல்லாம் பத்திரமா இருக்கு. ரத்தத்துல சர்க்கரைதான் அதலபாதாளத்துக்குப் போயிடுச்சு. சுகருக்கு மாத்திரை போடுறீங்களா?"

"எனக்குச் சுகரே கிடையாதே! நீர்க்கடுப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வெச்சிருந்த ஆன்டிபயாட்டிக்தான் ரெண்டு நாளாப் போடுறேன்."

சட்டைப்பையில் இருந்த மாத்திரை அட்டையை டாக்டர் எடுத்துப் பார்த்தார்.

"இதோட வேலையாத்தான் இருக்கணும். இந்த வகை மாத்திரை, அபூர்வமா, சுகர் இல்லாதவங்களுக்கும் சர்க்கரையை இறக்கிடும். வயசானவங்களுக்கு இன்னும் ஆபத்து. கை கால் நடுங்கும், பார்வை ரெண்டாத் தெரியும், எரிச்சல் வரும். கொஞ்சம் தாமதமா வந்திருந்தா உயிரே போயிருக்கும்."

மாஸ்டர் திடுக்கிட்டார். "அப்போ வண்டி எதுலயும் மோதலையா? யார் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது?"

கதவோரம் நின்றிருந்த தையல்காரி தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர், மயக்கத்துலயும் உதறிட்டே இருந்த உங்க ரெண்டு காலையும் துப்பட்டாவால கட்டிட்டுத்தான் ஓட்டிட்டு வந்தேன். ஆரம்பத்துல இருந்தே உங்க பக்கத்து பிரேக்கை மிதிச்சு மிதிச்சு வண்டியைத் தத்த வெச்சது நீங்கதான்."