அடிக்காத கோல்

பூனாகலைத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை. அங்கே நின்றுதான் கிருஷ்ணராஜ் போனில் கால்பந்தை உருட்டிக்கொண்டிருந்தான்.

"மொதக் கோலோட மேட்ச் முடிஞ்சிரும் மச்சான், அடிங்க!" மனைவியின் அண்ணன் துஷாந்த் பதறினான். "கோல் தெறந்து கெடக்கு!"

கிருஷ்ணராஜ் அடிக்கவில்லை. பந்தைக் காலோடு ஒட்டவைத்தே வட்டமடித்தான். பத்து நாளில் கட்டைவிரல் அதற்குப் பழகியிருந்தது.

"அவனும் பந்தைப் பறிக்காமச் சுத்துறானே! பேரு போட்டிருக்கே, யாரு அந்த ஃபஹத்?"

"குவைத்துல ஜீவராணி வேலை செய்ற வீட்டுப் புள்ள. அவ போனைப் பறிச்சு வச்சிட்டாங்க. அவன் டேப்லெட்ல இப்ப விளையாடுறது ஒங்க தங்கச்சிதான். மேட்ச் முடிஞ்சா அவளும் போயிருவா."

துஷாந்த் திரையை நெருங்கிப் பார்த்தான்.

திரையில் எதிரணி ஆட்டக்காரன் சட்டென்று நின்றான். எழுத்துகள் மின்னின:

'எதிராளி விலகிவிட்டார். வெற்றி உங்களுக்கே!'