பென்சிலில் எழுதிய பெயர்

ஆம்பூர் பேருந்து நிலையத்தில், பஞ்சாட்சரம் அண்ணனின் பேப்பர் கடையில், சாய்ந்து விழும் வெயிலில் இந்த மாத இதழ் ஒன்றே ஒன்று கிடக்கிறது. நான் படித்துவரும் மொழிபெயர்ப்புத் தொடர்கதையின் கடைசி அத்தியாயம் அதில்தான். அட்டை மூலையில் பென்சிலால் 'கெசியா டீச்சர்' என்றிருக்கிறது. நான் எடுக்கப் போக, அண்ணன் தடுக்கிறார். "சொல்லி வச்சது தம்பி. அவங்க வந்து கேட்டா இன்னா சொல்றது? நீயும் பேர் குடு, அடுத்த மாசம் எடுத்து வைக்கிறேன்." கோபமாக எதிர்க்கடைக்குப் போகிறேன். அந்தக் கடைக்காரர் கட்டின் அடியிலிருந்து ஒன்றை உருவித் தருகிறார். அதன் மூலையில் 'சௌமியா'. "யாருண்ணா இவங்க?" "யாரா இருந்தா இன்னா? புக்கு வரலன்னு சொல்லிக்கிறேன், எடுத்துனு போ." ஷூ கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. திருப்பித் தருவதா, படிப்பதா என்று புரியாமல் சாலை நடுவே நிற்கிறேன். பிறகு பஞ்சாட்சரம் அண்ணனிடமே போய், "ஜெஃப்ரி" என்று என் பெயரைச் சொல்கிறேன். அவர் பென்சிலைத் தேடுகிறார். நான் இதழைச் சட்டைக்குள் செருகிக்கொள்கிறேன்.