மேல்மாடிக் குளியலறை ஜன்னல்

“ஊரே உறைஞ்சு கிடக்கு, இந்த மனுஷன் வானத்துக்குச் சூடேத்திக்கிட்டு இருக்காரு!” என்று பொரிந்தாள் கெர்லிண்டே.

எர்ஃபுர்ட் நகரின் அந்தப் பழைய குடியிருப்பில் எல்லா வீட்டு ஹீட்டருக்கும் ஒரே கொதிகலன், செலவும் பொது. குளித்ததும் ஹீட்டரை அணைத்து, ஜன்னலை அகலத் திறந்து, ஈரக்காற்று போனதும் சாத்திவிட வேண்டும். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். மேல்மாடி வெண்டலின் மட்டும் இந்தக் குளிர்காலம் முழுக்க ஜன்னலை ஒருக்களித்தே வைத்திருந்தார்.

“நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வா,” என்று ஏற்றிவிட்டார் கணவர் ஓட்மார்.

சொல்லவா வேண்டும்! மூட்டுவலியோடு படியேறிக் கதவைத் தட்டினாள்.

வெண்டலின் ஈரத்தலையும் நீச்சல் குளத்துப் பையுமாகக் கதவைத் திறந்தார்.

“ஏன் ஐயா, ஜன்னலைச் சாத்தினா கை தேஞ்சா போயிடும்?”

“மெதுவாப் பேசுங்கம்மா, தூங்குறாங்க.”

“யாரு? நீங்க ஒண்டிக்கட்டையாச்சே!”

அவர் சிரித்தபடி, குளியலறைக் கதவிடுக்கை அடைத்திருந்த கம்பளியை விலக்கி உள்ளே விட்டார். ஹீட்டர் அணைந்திருந்தது. வீட்டுச் சூடு பொட்டுக்கூட உள்ளே வர வழியில்லை.

“மேலே பாருங்க.”

கூரையெங்கும் கருகிய இலைகள் மாதிரி என்னவோ ஒட்டிக் கிடந்தன. அவள் மூச்சு பட்டதோ என்னவோ, ஒன்று சிறகை விரித்தது. செக்கச்செவேலென்ற சிறகில் நாலு நீலக் கண்கள்!

“அம்மாடி! பட்டாம்பூச்சியா? இத்தனையா?” சண்டைக்கு வந்ததே அவளுக்கு மறந்துபோயிற்று.

“வசந்தம் வரைக்கும் இதுங்க தூங்கும். சூடு பட்டு நடுவுல முழிச்சா, பனியில பூவுக்கு எங்கே போகும்? பட்டினியில செத்துடும். அதான் நான் குளிக்கிறதே நீச்சல் குளத்துல.”

கெர்லிண்டே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஹீட்டரைத்தான் அணைச்சிட்டீங்களே, அப்புறம் ஜன்னல் எதுக்கு?”

வெண்டலின் தயங்கினார். “போன வருஷம் சாத்தித்தான் வச்சிருந்தேன். இந்த வருஷம் தரை சுடுது.”

குனிந்து தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்றிருந்தது. நேர் கீழே அவளுடைய குளியலறை. மூட்டுவலி வந்ததிலிருந்து அங்கே ஹீட்டர் ராப்பகலாக முழு வேகத்தில் எரிகிறது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“வலியோட இருக்கிறவங்க நீங்க. சூட்டைக் குறைங்கன்னு எந்த வாயால கேக்குறது?”

கீழே ஓட்மார் ஆவலாகக் காத்திருந்தார். “என்ன, சாத்த வச்சியா?”

“சாத்திடுவாரு. வானத்துக்குச் சூடேத்தினது நான்தான். முதல்ல நம்ம ஹீட்டரை அணைங்க.”